நாய்க்கு வீட்டுத் தின்பண்டம்: ராகி பிஸ்கட்டா, சர்க்கரைவள்ளியா, உலர்த்திய கோழியா?

திருப்பூரில் இருக்கும் என் தங்கை, இரண்டு வயதான பீகிள் இன நாய் ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறாள். பெயர் லட்டு, எடை 10 கிலோ. அவன் வந்த முதல் வாரமே எனக்குப் போன் செய்தாள். “அக்கா, கறுப்பிக்கு நீ செய்யற பிஸ்கட் எப்படின்னு சொல்லேன். என்கிட்ட ஓவன் இல்ல. அதுக்காக ஒண்ணு வாங்கணுமா?”

ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கறுப்பி எங்கள் சென்னைத் தெருவில் பிறந்த நாட்டு நாய், 16 கிலோ. அவளுக்காக ஆறு வருஷமாகக் கோதுமை, ராகி, சர்க்கரைவள்ளி, கோழி, நெத்திலி என்று எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறோம், வீட்டில் என்ன அடுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எவ்வளவு என்பது முதலில்

எதைச் செய்தாலும் சரி, நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது. கருத்தடை செய்த, வளர்ந்த, ஓரளவு ஓடியாடும் 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி வேண்டும். அதில் தின்பண்டத்தின் பங்கு 63. கறுப்பிக்கு 900 வேண்டும் என்றால் 90. ஒரு அவித்த முட்டையிலேயே 70 கலோரிக்கு மேல் இருக்கிறது. லட்டு ஒரு முட்டை சாப்பிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நம் ஊரில் நாய்க்கென்று காலங்காலமாகப் போடுவது டீக்கடைப் பொறையும் குளுக்கோஸ் பிஸ்கட்டும். பொறை வெறும் மைதாதான். ஆனாலும் பசியோடு நிற்கிற தெருநாய்க்கு ஒருவர் பொறை வாங்கிப் போடும்போது அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டு நாய்க்குத் தினமும் குளுக்கோஸ் பிஸ்கட் போடுவதைத்தான் நிறுத்தச் சொல்வேன். 100 கிராமில் சுமார் 450 கலோரி, கிட்டத்தட்ட கால் பங்கு சர்க்கரை. டீ குடிக்கும்போது நாம் நாலைந்து பிஸ்கட் பிய்த்துப் போட்டாலே லட்டின் 63 தாண்டிவிடும். அப்புறம் அவன் சாப்பாட்டுத் தட்டில் பாதியை மிச்சம் வைத்தால், ‘நாய்க்குப் பசி இல்லை’ என்று கவலைப்பட ஆரம்பிப்போம்.

கோதுமை: சுலபம், ஆனால் மணம் இல்லை

நாய் பிஸ்கட் என்ற பொருளே கோதுமையில் பிறந்ததுதான். 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், கோதுமையோடு காய்கறியும் இறைச்சியும் சேர்த்துச் சுட்டு விற்க ஆரம்பித்தார். கோதுமை மாவு ஒட்டிக்கொள்ளும், சப்பாத்திபோல் தேய்க்க வரும், வெட்டினால் விளிம்பு உடையாது. முதல்முறை செய்கிறவருக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை.

‘நாய்க்குத் தானியமே ஆகாது’ என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதனோடு வாழ வந்தபோது, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு நாயின் உடலில் பல பிரதிகளாகப் பெருகிவிட்டது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வாமையை எடுத்துக்கொண்டாலும் கோதுமை முதல் குற்றவாளி கிடையாது. 2016-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சி, 17 சதவீதத்துக்குப் பால், 15 சதவீதத்துக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லை. கோதுமை அதற்கும் பின்னால், 13 சதவீதம். உங்கள் நாய் காதையும் பாதத்தையும் ஓயாமல் சொறிந்தால், கோதுமையை நிறுத்துவதோடு கோழியையும் சந்தேகப்பட வேண்டும்.

இதற்குப் பதிலாகக் கடலை மாவு போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எப்போதாவது போடலாம். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுதியாகச் சேர்ந்த தானியமில்லா உணவுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் தினசரிப் பண்டத்துக்குக் கடலை மாவை அடிப்படையாக வைக்க நான் விரும்பவில்லை. நிறையப் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம்.

கோதுமை பிஸ்கட்டில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அதில் நாயை இழுக்கும் மணம் கிடையாது. கேரட் துருவிப் போட்டு, எலும்பு வடிவத்தில் அழகாக வெட்டிச் சுட்டு ஒரு தட்டு நிறைய வைத்தேன். கறுப்பி ஒன்றை மரியாதையாக வாயில் வாங்கிக்கொண்டு, செம்பருத்திச் செடியடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு, ஏறத்தாழ 1,700. நமக்கு 9,000 பக்கம். அதற்கு ருசி என்பது பெரும்பாலும் மூக்கில்தான் இருக்கிறது. எலும்பு வடிவ அச்சுக்குச் செலவு செய்வதைவிட நூறு கிராம் ஈரல் வாங்குவது மேல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ராகியும் ஈரலும்

அப்படி வந்து சேர்ந்ததுதான் இப்போது எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை செய்யும் பிஸ்கட். ராகி மாவு 200 கிராம், கோழி ஈரல் 100 கிராம், மஞ்சள் பூசணி 100 கிராம், முட்டை ஒன்று. உப்பு, எண்ணெய், சர்க்கரை, சோடா மாவு எதுவும் கிடையாது.

ராகியில் பசைத்தன்மை இல்லை. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் தேய்க்கும்போதே விரிசல் விடும். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிற அதே முறைதான் இங்கேயும் கைகொடுக்கிறது. ஈரலையும் பூசணியையும் கொஞ்சம் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, மிக்ஸியில் அடித்து, திரும்ப ஒரு கொதி வந்ததும் மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். சூட்டில் மாவு பாதி வெந்து இழுபட ஆரம்பிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தால், மாவு கையில் ஒட்டாமல் களிமண்போல் திரளும். வாழை இலையில் வைத்து அடைபோல் மெல்லியதாக, ஒரு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி விடுவேன். சின்னச் சின்னக் கட்டங்கள், சுமார் 120 வரும்.

160 டிகிரியில் 25 நிமிஷம் சுட்டால் வீடு முழுக்க ஈரல் வறுத்த வாசனை வரும். கறுப்பி சமையலறை வாசலில் வந்து படுத்துக்கொள்வாள். பிஸ்கட் அப்போது வெந்திருக்குமே தவிரக் காய்ந்திருக்காது. சூட்டை 100-க்குக் குறைத்து இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே விட வேண்டும். ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று சத்தம் வந்தால் சரி. வளைந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது, திரும்ப உள்ளே தள்ளுங்கள்.

மொத்தக் கலவையில் ஏறத்தாழ 850 கலோரி. 120 துண்டு என்றால் ஒன்றுக்கு ஏழு. லட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது துண்டு கொடுக்கலாம், கறுப்பிக்குப் பன்னிரண்டு. இப்படி எண்ணிக் கொடுக்க முடிவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பன்னிரண்டைப் போட்டு வைத்துவிடுவேன். வீட்டில் யார் கொடுத்தாலும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ராகி என்றதும் கால்சியம் என்பார்கள். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது உண்மை. ஆனால் இந்தக் குட்டித் துண்டு ஒன்றில் ஆறு மில்லிகிராம்கூடத் தேறாது. சத்துக்காக ராகி என்று நான் சொல்ல மாட்டேன். சுட்டால் பொரபொரப்பாக உடையும், பாதியாகக் கிள்ள வரும், பல் தேய்ந்த கிழட்டு நாயும் கடித்துவிடும். அதற்காகத்தான் ராகி. ஈரல் விஷயத்தில் மட்டும் கை நீளக் கூடாது. முதல் தடவை ஆசையில் கால் கிலோ ஈரல் போட்டேன். இரண்டு நாள் கறுப்பிக்கு வயிறு இளகிப் போனது. தவிர, ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. அளவு மீறி மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பும் மூட்டும் கெடும்.

சர்க்கரைவள்ளி: காய் என்று நினைத்து ஏமாறாதீர்கள்

சுத்த சைவ வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். செய்வதும் எளிது. பாதி வேகவைத்து, கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, வற்றல்போல் காயவைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். நாய் வெகுநேரம் மென்றுகொண்டிருக்கும். வீட்டில் தனியாக விட்டுப் போகும்போது கொடுக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மெல்லும் பண்டம் எதுவானாலும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும், தொண்டையில் சிக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தரக் கிழங்கு ஒன்று 200 கிராம், அதில் 170 கலோரி. காய்ந்ததும் அது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். தண்ணீர்தான் போயிற்று, கலோரி அப்படியே இருக்கிறது. ‘வெறும் கிழங்குதானே’ என்று அந்தக் கைப்பிடியை லட்டுக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட மூன்று நாள் பங்கு ஒரே நேரத்தில் போய்விடும். மெதுவாகச் சுடும்போது கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால்தான் அது அவ்வளவு இனிக்கிறது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு இது வேண்டவே வேண்டாம். எடை கூடிய நாய்க்குப் பச்சைக் கேரட் துண்டோ அவித்த பீன்ஸோ இதைவிட எவ்வளவோ தேவலை. 100 கிராம் கேரட்டில் 40 கலோரிதான்.

கோழி: பழக்குவதற்கு இதற்கு ஈடு இல்லை

கூப்பிட்டால் வர வேண்டும், ரோட்டில் இழுக்காமல் நடக்க வேண்டும் என்று நாயைப் பழக்குகிற வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது உலர்த்திய கோழி. எலும்பில்லாத நெஞ்சுக்கறி கால் கிலோவை உலர்த்தினால் 70 கிராம் பக்கம் நிற்கும். பட்டாணி அளவுக்கு நறுக்கினால் ஒரு துண்டுக்கு ஒன்றரைக் கலோரி. அதாவது லட்டின் 63 கலோரிக்குள் நாற்பது முறை ‘சபாஷ்’ சொல்லிக் கையில் எதையாவது கொடுக்கலாம். பிஸ்கட்டில் அது முடியாது. மணத்துக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் போனால்கூடக் கறுப்பி என் கையைத்தான் பார்ப்பாள்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பச்சைக் கறியை அப்படியே குறைந்த சூட்டில் காயவைக்கக் கூடாது, வெயிலில் போடவே கூடாது. ஈரம் மெல்ல வற்றும்போது சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகாமல் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். முதலில் கறியின் உள்பக்கம் 74 டிகிரி தொடும்படி வேக வேண்டும், அப்புறம்தான் காய வேண்டும். நான் கறியை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து இட்லிப் பானையில் 15 நிமிஷம் ஆவியில் வைக்கிறேன். பிறகு துடைத்து, 90 டிகிரியில் இரண்டு மணி நேரம். இது நாயின் நலனுக்கு மட்டும் சொல்வதில்லை. அந்தத் துண்டைத் தொடுகிற கை, வீட்டில் இருக்கும் குழந்தையின் கையாகவும் இருக்கும்.

கடையில் விற்கும் உலர்கறி இருக்கிறதே என்று கேட்கலாம். 2007 முதல் 2015 வரை அமெரிக்காவில், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த உலர்கறித் துண்டுகளைத் தின்று நோயுற்றதாக 6,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிப் புகார் வந்தது. ஆயிரத்துக்கு மேல் இறந்தன. காரணம் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. எல்லாக் கடைப் பண்டமும் கெட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் கண்ணெதிரே வாங்கிய கறியை நானே வேகவைத்துக் கொடுப்பதில் எனக்கு நிம்மதி இருக்கிறது.

நெத்திலியும் இதே வகைதான். கருவாட்டுக் கடையில் வாங்காதீர்கள், உப்பு மிக மிக அதிகம். பச்சை நெத்திலியை வாங்கி, தலை கிள்ளி, ஆவியில் வைத்து உலர்த்தலாம். நாய்க்கு உயிர். வீட்டில் இரண்டு நாளைக்கு வாடை போகாது என்பதால் நான் வருஷத்துக்கு ஒருமுறைதான் செய்கிறேன்.

நம் சமையலறையில் உள்ளே வரக் கூடாதவை

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை ஆகாது என்று பலருக்கும் தெரியும். நம் வீட்டில் இருப்பவற்றில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புளி முக்கியம். திராட்சையில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சமீப வருஷங்களில் கண்டறிந்திருக்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு, புளியைத் தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே மீன் குழம்பிலிருந்து எடுத்து அலசிய மீன், சாம்பாரிலிருந்து பொறுக்கிய கேரட் எல்லாம் வேண்டாம். ஜாதிக்காய் வேண்டாம். புளிக்கவைத்த பச்சை மாவு எட்டுகிற இடத்தில் இருக்கவே கூடாது. ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் இனிப்பிலும் சூயிங் கம்மிலும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது கொஞ்சம் உள்ளே போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று சரியும், ஈரல் பழுதாகும்.

நிலக்கடலையை நான் பயந்து பயந்துதான் தொடுகிறேன். கடலையே விஷம் என்று சொல்லவில்லை. பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் வரும் அஃப்லடாக்ஸின் என்ற நச்சை நாயின் ஈரல் தாங்காது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. கசக்கிற, சுருங்கிய, கறுத்த கடலை ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பொட்டலம் முழுவதும் குப்பைக்குத்தான்.

இந்தப் பயம் எனக்கு அனுபவத்தில் வந்தது. முதல் வருஷம் ஐப்பசி மழையில், சூடு ஆறுவதற்குள் பிஸ்கட்டை டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். ஐந்தாம் நாள் திறந்தால் அடியில் நான்கைந்தில் பச்சை பூத்திருந்தது. மேலே இருந்தவை பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனாலும் எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போது இரவு முழுக்க அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டு, காலையில்தான் டப்பாவில் போடுகிறேன். உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுகிற வழக்கம்போல, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைப்பேன். ஒரு வாரத்துக்கு வேண்டியது வெளியே, மிச்சம் ஃப்ரீசரில். உலர்த்திய கோழி எப்போதும் ஃப்ரிட்ஜில்தான், அதுவும் ஒரு வாரம்.

சரி, ஓவன் வாங்கணுமா?

இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் ராகி பிஸ்கட் ஒரே சீராகக் காயும், மறுக்க மாட்டேன். ஏர் ஃப்ரையர் இருக்கும் வீட்டில் கோழியும் கிழங்கும் அருமையாக வரும், பிஸ்கட் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட முடியும். குக்கரில் உப்பு பரப்பி, விசில் போடாமல் சுடுவதையும் செய்து பார்த்தேன். வேகும், ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மெத்தென்று நிற்கும்.

எதுவும் இல்லாதவர்களுக்குத் தோசைக்கல் போதும். அதே ராகி மாவை வாழை இலையில் தட்டிக் கல்லில் கவிழ்த்து, சின்னத் தீயில் இருபுறமும் வேகவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். ஆறியதும் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டி, கனமான இரும்புக் கடாயில் போட்டு, மிகச் சிறிய தீயில் முக்கால் மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தால் கடலை வறுபட்ட மாதிரி கலகலவென்று சத்தம் வரும். கை வலிக்கும், அது உண்மை. ஓவனில் செய்த அளவுக்கு நீண்ட நாள் இருக்காது. நான்கு நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு குறையும் இல்லை.

தங்கைக்கு நான் சொன்ன முடிவு இதுதான். லட்டுவுக்குத் தினசரிக்கு ராகி–ஈரல் துண்டு, தோசைக்கல்லில் செய்தது. அவன் புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கக்கூடப் பழகவில்லை. அதனால் முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் கிலோ கோழியை உலர்த்தி வைத்து, அந்த வாரம் பழக்கும்போது கொடுக்க வேண்டும். கோழி கொடுத்து இரண்டு வாரத்தில் சொறிச்சல் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். கோழி கொடுக்கிற நாளில் பிஸ்கட் பாதியாகக் குறைய வேண்டும், இரண்டும் சேர்ந்துதான் 63. சர்க்கரைவள்ளி பொங்கல் சமயத்தில் வீட்டுக்கு அவிக்கும்போது அவனுக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

“கோதுமை?” என்றாள்.

“வீட்டுல ராகி தீர்ந்துபோச்சுன்னா போடு. ஈரல் மட்டும் விட்டுடாத.”

நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கடாயில் துண்டுகள் கலகலவென்று புரள்கின்றன. அடுப்பு மேடையில் இரண்டு முன்னங்காலையும் ஊன்றிக்கொண்டு லட்டு நிற்கிறான். மச்சான் பின்னாலிருந்து “லட்டு” என்று கூப்பிடுகிறார். அவன் திரும்பவில்லை. கையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுகிறார். இந்த முறை திரும்பினான்.